வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரைகள்

முதல் பரு மூக்கின் நுனியில் வந்தது. மாத்திரை தொடங்கிப் பதினோராம் நாள். நாற்பத்து நான்கு வயதில் பருவா என்று டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். மறுநாள் கன்னத்தில் ஒன்பது. அதற்கு அடுத்த நாள் எண்ண முடியவில்லை. நெற்றி, தாடை, கழுத்து, முதுகு என்று யாரோ கைநிறைய அள்ளி விதைத்துவிட்டுப் போனதுபோல முளைத்திருந்தன. தொட்டால் எரிந்தது. தலையணை உறையில் புள்ளி புள்ளியாக ரத்தம்.

மெக்கானிக் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். எதிர்முனையில் இருந்த நர்ஸ் குழந்தை பிறந்த செய்தியைக் கேட்டவள்போலப் பேசினாள்.

“பரு வந்துடுச்சா? நிறைய வந்திருக்கா? சந்தோஷப்படுங்க சார். மருந்து உடம்புல ஏறுதுன்னு அர்த்தம். வராதவங்கதான் கவலைப்படணும்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் பருவுக்கு ராஜமரியாதை. காலையில் மெக்கானிக் டீச்சரின் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். “அடடா, இன்னிக்கு அமோக விளைச்சல்!” என்பான். “நீங்க வேணா ரெண்டு பறிச்சு வச்சுக்குங்க மெக்கானிக்,” என்பாள் அவள். கல்யாணமாகிப் பதினேழு வருடமாகியும் அவர்கள் ஒருவரையொருவர் தொழில் பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். பிள்ளைகள் இல்லை. நேராகச் சொன்னால் கண்ணீர் வரக்கூடிய விஷயங்களை அந்தத் தொழில் பெயர்களை வைத்துக்கொண்டு எப்படியோ சிரித்தபடி சொல்லிவிட முடிந்தது.

நுரையீரலில் புற்றுநோய் என்று முதலில் சொன்னபோது மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. “நான் ஒரு சிகரெட்டைக் கையில கூடத் தொட்டதில்லையே டாக்டர்,” என்றாள் டீச்சர். எதிர்த்துக் கேட்டால் தீர்ப்பு மாறிவிடும் என்பதுபோல அதை மூன்று முறை சொன்னாள். இரண்டு நிமிடம் தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கக்கூடிய நுரையீரல் அது.

டாக்டர் ஒல்லியான அம்மாள். நேரத்தை வீணாக்காமல் பேசுவார். “இது புகையால வர்ற வகை இல்லம்மா. செல்லுக்கு வெளியே ஒரு பட்டன் இருக்குன்னு வச்சுக்குங்க. வளருன்னு உத்தரவு வந்தா அமுங்கும், உத்தரவு நின்னா எழும்பிடும். அதோட உள்பக்கம் கைனேஸ்னு ஒரு பகுதி, அதுதான் சேதியை உள்ள கடத்துறது. உங்களுக்கு மரபணுவுல சின்னதா ஒரு பிழை. பட்டன் அமுங்கினபடியே மாட்டிக்கிச்சு.”

“யாரோ சூயிங்கம் ஒட்டி வச்ச மாதிரி,” என்றான் மெக்கானிக். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. “யாரும் கூப்பிடாமலே லிஃப்ட் அந்த மாடிக்கே போயிட்டிருக்கும்.”

டாக்டர் அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “அதேதான். இந்த மாத்திரை போய் அந்தக் கைனேஸ் மேல உக்காந்துக்கும். சேதி போகாது. மத்த மருந்துங்க மாதிரி கட்டடத்தையே இடிக்காது, ஒரு பட்டனை மட்டும் அடைக்கும். முடி கொட்டாது, வேலைக்குப் போகலாம். தோல்லயும் குடல்லயும் அதே பட்டன் இருக்கிறதால அங்க மட்டும் கொஞ்சம் படுத்தும்.”

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“சிலருக்கு எட்டு மாசம். சிலருக்குச் சில வருஷம். ஒரு நாள் நின்னுதான் போகும்.”

மூன்று வாக்கியம் சொன்னார். மெக்கானிக்கின் காதில் நடுவில் இருந்தது மட்டும்தான் விழுந்தது.

மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. இருமல் போயே போய்விட்டது. டீச்சரின் தம்பி ஓடிவந்து, “அக்கா, இனிமே உன்னை யாராலயும் அசைக்க முடியாது!” என்று கத்தி, பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க வைத்தான். தம்பி மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவன். நோய் தெரிந்த நாளிலிருந்து மருத்துவக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளி, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விளக்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் அதற்கு முன்பே, இரண்டாம் மாதத்தில், ஒரு காரியம் நடந்திருந்தது. டீச்சருக்கு வயிறு போனது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். டாக்டரிடம் சொன்னார்கள். அவர் மாத்திரையைப் பத்து நாள் நிறுத்திவைத்து, பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார். சரியான வைத்தியம்தான். ஆனால் அந்தப் பத்து நாளும் இருவரும் தூங்கவில்லை. மாத்திரை போகாத ஒவ்வொரு காலையும் உள்ளே அந்தப் பட்டன் அமுங்குவது காதில் கேட்பதுபோல இருந்தது. முகத்தில் பரு வாட வாட, வயலில் பயிர் கருகுவதைப் பார்க்கிற குடியானவன்போல உட்கார்ந்திருந்தான் மெக்கானிக். பதினோராம் நாள் மாத்திரையை விழுங்கிவிட்டு டீச்சர் சொன்னாள்:

“இனிமே எது வந்தாலும் நமக்குள்ள வச்சுக்குவோம். டாக்டர்கிட்ட மூச்சு விடக்கூடாது. சரியா?”

“சரி.”

அப்படித்தான் அந்த ஒப்பந்தம் ஏற்பட்டது. தண்ணீருக்குப் பயந்தவர்களிடம் ‘எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தான் எனக்குத் தெரியும்’ என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் போட்ட ஒப்பந்தம். ஊருக்கு உபதேசம் எப்போதும் சுலபம்.

இன்னொரு விஷயமும் இருந்தது. மெக்கானிக் எந்த மெஷினையும் அதன் கையேட்டைப் படிக்காமல் தொடமாட்டான். முதல் மாத்திரைப் பெட்டி வந்த அன்றே உள்ளே மடித்து வைத்திருந்த குறிப்புத்தாளைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டான். முழங்கை நீளத்துக்கு இருந்தது. டீச்சர் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இது லிஃப்ட் இல்ல, நான். என்னைப் படிச்சுப் பாத்துட்டு யாரும் தொட வேண்டாம்.”

“என்ன போட்டிருக்குன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

“போட்டிருக்கிறதையெல்லாம் படிச்சா நீங்க தூங்கமாட்டீங்க. நீங்க தூங்கலைன்னா நானும் தூங்கமாட்டேன். டாக்டர் சொன்னது போதும். வெறும் வயித்துல போடணும், அப்புறம் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான்.”

அதன்பின் ஒவ்வொரு மாதமும் பெட்டி வந்தவுடன் தாளை எடுத்துக் கசக்கிப் போட்டுவிட்டுத்தான் பெட்டியை அலமாரியில் வைப்பாள்.

குளத்தில் அவளுக்கு ஒரே ஒரு குறை. சுவரில் ஒரு பலகை தொங்கியது: தோலில் புண், கொப்புளம் உள்ளவர்கள் நீரில் இறங்கக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளே எழுதி மாட்டியது. ஆகவே கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு கரையில் நின்று, நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டிருந்தாள். இரும்புக்குண்டு என்று அவள் பெயர் வைத்திருந்த ஒரு லாரி டிரைவர் அவளிடம் மூன்றாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். “டீச்சர், நீங்க கீழ இறங்கிப் பிடிச்சாத்தான் நான் மிதப்பேன்,” என்று தினமும் கெஞ்சுவார். “நீங்க மிதந்தா குளத்துல தண்ணி மிஞ்சாது,” என்பாள். சிரித்துவிட்டுத்தான் சொல்வாள். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது மட்டும், காய்ந்த பாதங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எட்டாம் மாதம் நெஞ்செரிச்சல் வந்தது.

“இங்க, சரியா இங்க,” என்று விலா எலும்புகள் சேரும் இடத்தில் விரலை வைத்தாள். “தீக்குச்சி கிழிச்ச மாதிரி.”

“டாக்டர்கிட்ட...”

“மெக்கானிக்!”

அவன் சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்தான். பன்னிரண்டு வருடமாக அவன் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறான். இந்தத் தொழிலில் நேரத்துக்குச் சாப்பிட முடியாது. பன்னிரண்டாம் மாடிக்கும் பதின்மூன்றாம் மாடிக்கும் நடுவில் யாராவது மாட்டிக்கொண்டிருக்கும்போது, நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியுமா?

“இது மருந்தே இல்ல டீச்சர், உப்பு புளி மாதிரி. நம்ம கம்பெனியில பாதிப் பேர் இதுலதான் ஓடுறான். காலைல வெறும் வயித்துல ஒண்ணு.”

“அதுவும் வெறும் வயித்துலதானா? அப்போ ரெண்டையும் ஒண்ணா முழுங்கிடலாம். ஒரு தண்ணியில போயிடும்.”

அப்படியே ஆயிற்று. காலை ஐந்தரை மணிக்கு அவன் ஒரு சின்னத் தட்டில் இரண்டு மாத்திரையும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பான். இரண்டும் ஒரே விதிப்படி போடுகிற மாத்திரை. ஜோடிப் பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைத்ததுபோல இருந்தது அவனுக்கு. தன்னால் ஆனது இது ஒன்றுதான் என்பதால் அந்தத் தட்டை அவன் ரொம்பக் கவனமாகத் துடைத்துத்தான் வைப்பான்.

நாலே நாளில் எரிச்சல் நின்றது. மூன்று வாரத்தில் முகம் தெளிந்தது.

மெக்கானிக் கவலைப்படாமல் இல்லை. “என்ன, விளைச்சல் குறைஞ்சிருக்கே?”

“நர்ஸ் அப்பவே சொன்னாங்கல்ல, மாசம் ஆக ஆக உடம்பு பழகிடும்னு. எனக்கு ஒரு நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காதே!”

நர்ஸ் அப்படிச் சொன்னது உண்மைதான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் மனிதன் அது எதில் கட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. லிஃப்டில் ஏறுகிற எவனும் மேலே தொங்கும் கம்பியைப் பார்ப்பதில்லை.

அவள் மறுபடி தண்ணீரில் இறங்கிய சனிக்கிழமை அவன் வேலைச் சட்டையோடு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். தம்பியும் வந்திருந்தான். டீச்சர் குதிக்கவில்லை. ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றாள். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், காணாமல் போனாள். நீல ஓடுகளின் மேல் ஒரு நிழல் மட்டும் அவசரமில்லாமல் போனது. குளத்தின் மறுகோடியில் தலை எழும்பியபோது தம்பி இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான். இரும்புக்குண்டு கைதட்டினார், தட்டியதில் மூழ்கினார். அவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிய டீச்சர் சிரித்த சிரிப்பு கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. அவ்வளவு பெரிய சிரிப்புக்கு வேண்டிய மூச்சு அவளிடம் இருந்தது.

‘எல்லாம் நம்ம மாத்திரையாலதான்,’ என்று நினைத்தான் மெக்கானிக். அப்படி நினைத்ததை வாழ்நாளெல்லாம் மறக்க முடியாது என்று அப்போது தெரியாது.

அவள் குளத்துக்குச் சீக்கிரமே கிளம்பிப் போக ஆரம்பித்ததால்தான் புதுப் பெட்டி அவன் கையில் வந்தது. கூரியர்காரன் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் தட்டுக்கு எடுத்து வைக்கலாம் என்று பிரித்தான். குறிப்புத்தாள் தரையில் விழுந்தது. எடுத்து அலமாரி மேல் வைக்கப் போனவன், கை பழக்கத்தில், பிரித்தான். நின்றுகொண்டே முதல் வரியிலிருந்து படித்தான்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது. வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளோடு சேர்த்து இதை உட்கொள்ள வேண்டாம். இந்த மாத்திரை கரைவதற்கு அந்த அமிலம் வேண்டும். அமிலம் குறைந்தால் ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு பாதியாகக்கூடக் குறையலாம். கீழே உதாரணமாக ஐந்து பெயர்கள். அவன் சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துப் பின்புறத்தைத் திருப்பினான். கடையில் வழங்கும் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். ஐந்தில் இரண்டாவது.

சமையலறை நாட்காட்டியைப் பார்த்தான். நாற்பத்து மூன்று நாள்.

அன்று பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. உச்சியில் இருக்கும் மெஷின் ரூமில், ஓடுகிற மோட்டார் பக்கத்தில், ஒரு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தான். கீழேயிருந்து வாட்ச்மேன் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும் என்று பத்துத் தடவை எழுந்தான். சொன்னால் என்னென்ன நடக்கும் என்று பத்துத் தடவை உட்கார்ந்தான். கடைசியில் பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக ஒரு முடிவுக்கு வந்தான். திரும்பும் வழியில் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரையின் அளவிலேயே, அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை வாங்கினான். மறுநாள் தட்டில் அதை வைத்தான். டீச்சர் பார்க்காமலே விழுங்கினாள்.

ஒரு வாரத்தில் எரிச்சல் திரும்பியது. “உங்க மாத்திரைக்கும் வயசாயிடுச்சு போல,” என்றாள். பதினைந்தாம் நாள் குளியலறையிலிருந்து சத்தமே வரவில்லை. அவன் கதவைத் தள்ளிப் பார்த்தான். கண்ணாடிக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தாடையோரம் நான்கு. நெற்றியில் ஒரு கொத்து. சிவந்து, உருண்டு, முதல் மாதத்தில் வந்தவைபோலவே.

“வந்துடுச்சு,” என்றாள். “போச்சு. இனிமே பழையபடி கம்பும் விசிலும்தான்.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் பருக்களின் மேல் பட்டு எரிந்ததால் அழவும் முடியாமல் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக்கின் நெஞ்சுக்குள் வாணவேடிக்கை. ஏறுது, மருந்து ஏறுது! அவளைப் பிடித்துத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. அவன் முகம் அவனைக் கேட்காமலே மலர்ந்துவிட்டது. கண்ணாடியில் அவள் அதைப் பார்த்தாள்.

“ஏன் சிரிக்கிறீங்க?”

“இல்ல... மருந்து வேலை செய்யுதுல்ல.”

“இத்தனை நாள் செய்யலையா?”

அவன் துண்டை எடுத்து நீட்டினான். அவள் அண்ணாந்தபடியே, “நான் அழறேன். நீங்க சிரிக்கிறீங்க. நல்ல புருஷன்,” என்றாள்.

ஸ்கேனுக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரமும் அவன் காலையில் அவள் முகத்தைப் பார்த்து எழுந்தான், இரவில் அதைப் பார்த்துத் தூங்கினான். பரு செழித்தது. முதுகில்கூட வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவன் நம்பினான். ஆறாம் வாரம் அவள் மாடிப்படியின் நடுவில் நின்று இருமினாள். தூசி என்றாள். அவனும் தூசி என்றான்.

டாக்டர் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இடது பக்கம் ஒரு நெல்லிக்காய் அளவு இருந்தது, வலது பக்கம் எலுமிச்சையாகியிருந்தது. ஈரலிலும் புதிதாக இரண்டு.

“பரு நல்லாத்தான் வந்திருக்கு,” என்றார் டாக்டர், தனக்குள் சொல்வதுபோல. “மருந்து ரத்தத்துல இருக்கு. ஆனா கேக்கல. நடுவுல நிறுத்தினீங்களா?”

“ஒரு நாள்கூட இல்ல டாக்டர்,” என்றாள் டீச்சர்.

“வேற ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?”

“எதுவும் இல்ல.”

அவள் பொய் சொல்லவில்லை. உப்பு புளி யாருடைய கணக்கிலும் மாத்திரை இல்லை. டாக்டர் எழுத ஆரம்பித்தார். இன்னும் ஒரு நிமிடம் வாய் திறக்காமல் இருந்தால் போதும், அந்தக் கேள்வி எழுதி முடிக்கப்பட்டு, பக்கம் திருப்பப்பட்டு, யாருக்கும் தெரியாமல் போய்விடும். மெக்கானிக்குக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“கேஸ் மாத்திரை,” என்றான். “நாப்பத்திமூணு நாள். நான்தான் கொடுத்தேன். ரெண்டையும் ஒண்ணா.”

டாக்டரின் பேனா நின்றது. டீச்சர் அவன் பக்கம் திரும்பினாள், இன்னும் ஒன்றும் புரியாமல்.

“இப்பவும் சாப்பிடுறாங்களா?”

“நிறுத்திட்டேன். ரெண்டு மாசமாச்சு. அந்தத் தாளைப் படிச்சதும்.”

“நிறுத்திட்டீங்களா?” என்றாள் டீச்சர். “அப்போ இன்னிக்குக் காலைல தட்டுல வச்சது என்ன?”

“சத்து மாத்திரை.”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்த அமிலம் எதற்கு வேண்டும், மருந்து எப்படிக் குறையும் என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னார், கூடியவரை மெதுவாக. ‘எங்ககிட்ட சொல்லியிருந்தா’ என்று தொடங்கி அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

“அதுதான் காரணமா டாக்டர்?” என்றான் மெக்கானிக். அவன் வேலையில் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் என்று ஒரு கட்டம். ‘தெரியவில்லை’ என்று எழுதினால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார்.

“பத்து மாசம் தாண்டியாச்சு. நிறையப் பேருக்கு இந்த மருந்து நிக்கிற காலமே இதுதான். மருந்து குறைஞ்சிருந்த நேரத்துல கட்டிக்கு மூச்சு விட இடம் கிடைச்சிருக்கலாம். இல்ல, அதுக்கு முன்னாலயே உள்ள வேற வழி பண்ணிக்கிட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது.”

“வேற வழின்னா... ஜம்பர்,” என்றான் அவன். குரல் எங்கோ போயிருந்தது. “ஒரு ஸ்விட்சைச் சுத்தி ஒயர் போட்டு நேரா இணைச்சுடுறது. அப்புறம் ஸ்விட்சை அடைச்சாலும் ஒண்ணுதான், அடைக்காட்டியும் ஒண்ணுதான்.”

“ஆமா. அதுல ஒரு வகைக்கு இன்னொரு மாத்திரை இருக்கு. ரத்தத்துல பாத்துச் சொல்றேன். எட்டு நாள் ஆகும்.”

அந்த எட்டு நாளும் டீச்சர் அவனோடு சண்டை போடவில்லை. சாப்பாடு ரெடி என்றாள், கதவைச் சாத்துங்க என்றாள், துணி காஞ்சுடுச்சு என்றாள். காலையில் எழுந்து தானே அலமாரியைத் திறந்து ஒற்றை மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மெக்கானிக் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. அந்த வகை இல்லை என்றார் டாக்டர். வேறு எதுவோ. எதுவென்று தெரியவில்லை. தெரிந்தாலும் அதற்கு மருந்து இல்லாமலிருக்கலாம். திங்கட்கிழமை வாருங்கள், நரம்பில் ஏற்றுகிற பழைய மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம். கொஞ்ச நாள் கிடைக்கும். எவ்வளவு நாள் என்று டீச்சரே கேட்டாள். கிடைத்த பதிலை அவள் திருப்பிச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

“அந்தத் தாளைப் படிச்ச அன்னிக்கே ஏன் சொல்லலை?” என்றாள் சுவரைப் பார்த்தபடி.

“பயந்துட்டேன்.”

“அன்னிக்குச் சொல்லியிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே ஸ்கேன் எடுத்திருப்பாங்க.”

“ஆமா.”

“சரி, அன்னிக்குத்தான் சொல்லலை. அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?”

“டாக்டருக்குத் தெரியணும்னு...”

“தெரிஞ்சு என்ன செஞ்சாங்க?” அவள் திரும்பினாள். “அவங்களே யாராலயும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. சொல்லாம இருந்திருந்தா அது வெறும் நோயா இருந்திருக்கும். எங்கிருந்தோ வந்தது, என்னைக் கொண்டுபோகுதுன்னு இருந்திருப்பேன். இப்ப அது நம்ம வீட்டுத் தட்டுல இருக்கு. உங்க பாரத்தை இறக்கி வச்சாச்சு. எனக்கு?”

அவன் அவள் பக்கம் ஓர் அடி வைத்தான்.

“பத்தொம்பது நாள் தண்ணியில இருந்தேன்,” என்றாள். “எண்ணி வச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது நினைச்சுக்கலாம்னு ஒவ்வொரு நாளா எடுத்து வச்சிருந்தேன். இப்ப அதை நினைச்சா, அன்னிக்கெல்லாம் உள்ள மருந்து இல்லைங்கிறதுதான் ஞாபகம் வருது. அதையும் எடுத்துட்டீங்க.”

வாசலில் மணி அடித்தது. தம்பி. கையில் ஒரு கட்டுக் காகிதம். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததால் இன்னும் வேகமாகப் பேசினான். “அக்கா, இதைக் கேளு. இந்த மாத்திரைக்கும் அடங்காத வகைக்குன்னே புதுசா ஒண்ணு பரிசோதனையில இருக்காம். எலியில நூத்துக்கு எம்பது பாஸ். மாமா, நீங்களும் படிங்க. மூணே வருஷத்துல வந்துடும்.”

“அப்போ மூணு வருஷம் கழிச்சு வாடா,” என்றாள் டீச்சர். “நான் இருந்தா கதவைத் திறக்கறேன்.”

தம்பி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்தான். காகிதங்களை முழங்காலில் தட்டித் தட்டிச் சமன் செய்தான். பிறகு, “எப்படிக்கா திடீர்னு? நல்லாத்தானே கேட்டுக்கிட்டிருந்துச்சு? தண்ணிக்குள்ளகூடப் போனியே. என்ன ஆச்சு மாமா?” என்றான்.

மெக்கானிக் வாயைத் திறந்தான்.

“ஒண்ணும் ஆகலை,” என்றாள் டீச்சர், அவனுக்கு முன்பாக. “பத்து மாசம்தான் அதோட ஆயுசுன்னு டாக்டர் சொன்னாங்க. முடிஞ்சுபோச்சு. நீ சாப்பிட்டியா?”

மூவரும் சாப்பிட்டார்கள். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். போகும்போது அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை டீச்சர் கதவைச் சாத்தவில்லை.

பிறகு வந்து பாத்திரங்களை எடுத்தாள். அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“திங்கக்கிழமைக்கு லீவு சொல்லிடறேன்,” என்றான்.

“தம்பி வர்றான்.”

“நானும் வர்றேனே.”

“பக்கத்துல ஒரு நாற்காலிதான் போடுவாங்களாம்,” என்றாள். குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். இடையில் இரண்டு முறை இருமினாள். அவன் கதவோரமாக நின்றபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால், அது தணியும்வரை காத்திருந்திருக்கலாம்.